வாடகை வீட்டின் நீச்சல் குளம்: தண்ணீருக்குள் என்ன நடக்கிறது?

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, துரைப்பாக்கம் தொடங்கி சிறுசேரி வரை வாடகைக்கு வீடு தேடிப் போகிறவர்களைத் தரகர்கள் பல இடங்களில் முதலில் நீச்சல் குளத்துக்குத்தான் அழைத்துப் போகிறார்கள். நீல டைல்ஸ், சுற்றிலும் சாய்வு நாற்காலிகள், ஓரத்தில் வரிசையாகத் தொட்டிச் செடிகள். கூடவே பிள்ளைகள் வந்திருந்தால் முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. பிறகு மேலே போய் சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறோம், கழிவறையில் ஃபிளஷ் செய்து பார்க்கிறோம், பால்கனியில் நின்று செல்போன் சிக்னல் வருகிறதா என்று பார்க்கிறோம். குளத்தை மட்டும் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இரவும் பகலும் வேதிவினை ஓயாமல் நடக்கும் இடம் அது. பிள்ளைகள் அதில் முங்கி எழுவார்கள், அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விழுங்கவும் செய்வார்கள். அதைப் பராமரிக்கும் செலவில் ஒரு பங்கு மாதாமாதம் நம் மெயின்டனன்ஸ் கணக்கில் வருகிறது. ஆகவே குளத்தின் நிலவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் உரிமை வாடகைக்கு வருகிறவருக்கும் உண்டு. கேட்க வேண்டுமானால் எதைக் கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வாடையிலிருந்து தொடங்குவோம். சில குளங்களை நெருங்கும்போதே நெடி குப்பென்று மூக்கில் ஏறும். குளோரின் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் சுத்தம் என்று பலரும் அதை வைத்து நம்பிவிடுகிறார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் திறந்தவெளிக் குளத்தில் அவ்வளவு நெடி இருக்காது. மூக்கைத் துளைப்பவை குளோரமைன்கள் என்னும் சேர்மங்கள். வியர்வையிலும் சிறுநீரிலும் யூரியாவும் அம்மோனியாவும் இருக்கின்றன. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின், போகிற வழியில் இவற்றோடு சேர்ந்து தன் வீரியத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது. இப்படி உருவாகும் சேர்மங்களில் ட்ரைகுளோரமைன்தான் அதிகத் தொல்லை தருவது. அது தண்ணீரில் தங்காமல் ஆவியாகி நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றில் கலக்கிறது. நீந்துகிறவர் மூச்சிழுப்பதும் அதே காற்றைத்தான். கண் சிவப்பது, தொண்டை கரகரப்பது, இருமல் வருவது ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். கூரை போட்ட உள்ளரங்கக் குளங்களில் காற்றோட்டம் குறைவு என்பதால் பாதிப்பு இன்னும் கூடும். அதனால் நெடி தூக்கலாக இருந்தால் அந்தக் குளத்தில் அழுக்கு மிஞ்சிவிட்டது, அதைச் சமாளிக்கும் குளோரின் போதவில்லை என்று பொருள்.

எவ்வளவு அழுக்கு என்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள். 2017-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு நல்ல உத்தி ஒன்றைக் கையாண்டார்கள். அசிசல்ஃபேம் பொட்டாசியம் என்ற செயற்கை இனிப்பு உடலில் செரிக்காமல் அப்படியே சிறுநீரில் வெளியேறிவிடும், குளோரினாலும் எளிதில் சிதையாது. 31 நீச்சல் குளங்களிலும் வெந்நீர்த் தொட்டிகளிலும் அந்த இனிப்பின் அளவை அளந்தார்கள். எல்லாவற்றிலும் அது இருந்தது. சுமார் 8,30,000 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு பொதுக் குளத்தில் ஏறக்குறைய 75 லிட்டர் சிறுநீர் கலந்திருக்கும் என்று கணக்கு வந்தது. சிறுநீரைக் கண்டால் நிறம் மாறும் மருந்தைத் தண்ணீரில் கலந்திருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்வார்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது. பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப் போய்விட்டு, ஒரே ஒரு நிமிடம் ஷவரில் நனைத்த பிறகு குளத்தில் இறக்கினால் போதும், உடம்பில் ஒட்டியிருக்கும் வியர்வையும் அழுக்கும் பெரும்பாலும் போய்விடும். குளத்தருகே ஷவர் இருக்கிறதா, திறந்தால் தண்ணீர் வருகிறதா என்று வீடு பார்க்கப் போகும்போதே பார்த்துவிடுங்கள். பல அடுக்ககங்களில் அந்தக் குழாய் பெயருக்குத்தான் நிற்கிறது.

அடுத்தது சோதனைக் கிட். சிறிய பிளாஸ்டிக் பெட்டி, அதில் இரண்டு கண்ணாடிக் குழல்கள், இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள். ஒரு குழலில் குளத்து நீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினால் நிறம் மாறும். பக்கத்தில் அச்சிட்டிருக்கும் நிறப் பட்டையோடு ஒப்பிட்டு குளோரின் அளவைச் சொல்வார்கள். மஞ்சள் நிறம் காட்டும் கிட்தான் விலை மலிவு, அதனால் அதுவே பரவலாக இருக்கிறது. அதன் குறை என்னவென்றால், அது தண்ணீரில் உள்ள மொத்த குளோரினைத்தான் காட்டும். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் தனிக் குளோரினும், குளோரமைனாகி வீரியம் இழந்ததும் அதன் கண்ணுக்கு ஒன்றேதான். நெடியடிக்கும் குளத்திலும் 'குளோரின் 2' என்று பதிவேட்டில் எழுத முடிவது இதனால்தான். டிபிடி என்ற மருந்தைப் பயன்படுத்தும் கிட்டில் நிறம் இளஞ்சிவப்பாக வரும். அதில் தனிக் குளோரினை ஒரு முறையும் மொத்தத்தை ஒரு முறையும் அளந்து, கழித்துப் பார்த்தால் குளோரமைன் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கிட் எந்த வகை என்று கேட்பது சின்னக் கேள்விதான். ஆனால் அதற்கு வரும் பதிலிலேயே பராமரிப்பின் லட்சணம் பாதி விளங்கிவிடும்.

குளோரின் இருந்தால் மட்டும் போதாது, தண்ணீரின் பிஹெச் அளவும் சரியாக இருக்க வேண்டும். தண்ணீரில் கரைந்த குளோரின் இரண்டு உருவங்களில் இருக்கிறது. ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். இது மின்னேற்றம் இல்லாதது, கிருமியின் சுவரைத் துளைத்து எளிதில் உள்ளே போய்விடும். மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. எதிர்மின்னேற்றம் உள்ள இதைக் கிருமியின் சுவர் விலக்கித் தள்ளுவதால் இதன் வேகம் பல மடங்கு குறைவு. பிஹெச் 7.5-ல் இரண்டும் ஏறக்குறைய பாதிப் பாதி. பிஹெச் 8-க்கு ஏறினால் வீரியமுள்ள அமிலம் கால் பங்காகக் குறைகிறது, 8.5-ல் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கிட் அதே 2 என்ற எண்ணைத்தான் காட்டும், காரியம் நடக்காது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, பிஹெச் 7.0-லிருந்து 7.8-க்குள் இருக்க வேண்டும் என்றும், தனிக் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நம் ஊர்களில் குளத்தில் ஊற்றுகிற திரவ ஹைப்போ, அதாவது ஹைப்போகுளோரைட் கரைசல், பிஹெச்சை மேலே தள்ளும். உப்பும் கடினத்தன்மையும் மிகுந்த போர் தண்ணீரைக் கொண்டு நிரப்பினால் அதுவும் சேர்ந்துகொள்ளும். நீர்மட்டத்தை ஒட்டி டைல்ஸில் வெள்ளைக் கோடாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். விரலால் தடவினால் சொரசொரப்பாக இருக்கும். அது சுண்ணாம்புப் படிவு, பிஹெச்சும் கடினத்தன்மையும் கூடிய தண்ணீரில் வருவது. கிட் இல்லாமலே கண்ணுக்குத் தெரிகிற சாட்சி அது.

வெயில் இன்னொரு சிக்கல். திறந்தவெளிக் குளத்தில் உச்சி வெயிலின் புற ஊதாக் கதிர், தனிக் குளோரினில் பாதியை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே சிதைத்துவிடும். காலையில் போட்ட மருந்து மதியம் வரை தாங்காது. இதற்கு மாற்றாக வந்தது சயனூரிக் அமிலம். இது குளோரினைத் தன்னோடு தளர்வாகப் பிடித்து வைத்துக்கொண்டு, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். கடையில் டிசிசிஏ என்ற பெயரில் கிடைக்கும் வெள்ளை மாத்திரையிலும் தூளிலும் குளோரினும் சயனூரிக் அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. கையாள எளிது, நீண்ட நேரம் கரையும், குளம் பார்க்கும் ஆளுக்கு வேலை மிச்சம். ஆனால் குளோரின் செலவாகிவிட, சயனூரிக் அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரினை இந்த மருந்தாகச் சேர்த்தால் சுமார் 0.6 மில்லிகிராம் சயனூரிக் அமிலமும் கூடவே சேரும். தினமும் 2 மில்லிகிராம் போடும் குளத்தில் மூன்று மாதத்தில் அது 100-ஐத் தாண்டிவிடும். அந்த நிலையில் குளோரின் பெரும்பாலும் அதன் பிடியிலேயே கிடக்கும், கிருமி சாவதற்கு நேரம் மிகவும் கூடிவிடும். கிட் எல்லாம் சரி என்று சொல்லிக்கொண்டிருக்க, பாசி மட்டும் பிடிக்கத் தொடங்கும். பாசியைக் கண்டதும் இன்னும் நாலு மாத்திரையைப் போடுவார்கள். சயனூரிக் அமிலத்தைக் குறைக்க நடைமுறையில் உள்ள வழி ஒன்றே. தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது குளம் நிரம்பி வழிவதால் இது ஓரளவு தானாக நடக்கும். பிப்ரவரியிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த வாய்ப்புக் குறைவு. கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினார்கள் என்பது அதனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

இனி பம்ப். என் கணக்கில் அடுக்ககக் குளங்கள் கெடுவதற்கு முதல் காரணம் மருந்துப் பற்றாக்குறை அல்ல, மின்கட்டணச் சிக்கனம். 15 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் 1,08,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் ஒன்பது லாரி. இதை மணல் ஃபில்டர் வழியாக ஒரு சுற்றுச் சுற்ற ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரம் பம்ப் ஓடினால் மொத்தத் தண்ணீரும் ஃபில்டரைக் கடந்துவிட்டது என்று சங்கத்துக்காரர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பதில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் ஒரு கரண்டி எடுத்து வெளியே ஊற்றிவிட்டு ஒரு கரண்டி வெந்நீர் விடுகிறோம். அடுத்த கரண்டி எடுக்கும்போது சற்றுமுன் விட்ட வெந்நீரிலும் கொஞ்சம் சேர்ந்தே வெளியே வருகிறது. குளத்திலும் வடிகட்டிய நீர் வடிகட்டாத நீரோடு உடனே கலந்து, மறுபடியும் பம்புக்குள் போகிறது. கேஜ், பிட்வெல் என்ற இருவர் 1926-ல் இதற்கான கணக்கை வகுத்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஃபில்டரைக் கடந்திருப்பது 63 சதவீதம்தான். இரண்டு சுற்றில் 86, மூன்றில் 95, நான்கில் 98. நம் கணக்குக் குளத்தில் நான்கு சுற்று என்றால் 24 மணி நேரம். "காலையில் ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் ஓட்டுவோம் சார்" என்று வாட்ச்மேன் சொன்னால், பாதித் தண்ணீருக்கு மேல் அன்றைக்கு ஃபில்டர் பக்கமே போகவில்லை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். போட்ட மருந்து குளத்தின் மூலைமுடுக்கெல்லாம் பரவுவதும் பம்ப் ஓடினால்தான்.

ஃபில்டரும் எல்லாவற்றையும் பிடிக்காது. சாதாரண மணல் ஃபில்டர் சுமார் 20 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களையே நன்றாகப் பிடிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமியின் கூடு 4 முதல் 6 மைக்ரான். அது ஃபில்டரில் நழுவிவிடும், குளோரினுக்கும் அசையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின், பிஹெச் 7.5, வெப்பம் 25 டிகிரி என்ற நிலையில் ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகிறது. ஹெபடைடிஸ்-ஏ வைரஸுக்குச் சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம் ஆகும். கிரிப்டோஸ்போரிடியத்துக்கு ஆவது 15,300 நிமிடம், அதாவது பத்து நாளுக்கும் மேல். வயிற்றுப்போக்கு நின்று இரண்டு வாரம் ஆகும் வரை பிள்ளையைக் குளத்தில் இறக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இந்தக் கிருமிதான். மருந்தும் இயந்திரமும் கைவிடுகிற இடத்தில் நம் பொறுப்பு ஒன்றே காப்பு. 2024-ல் கேரளத்தில் சிறுவர்கள் சிலரின் உயிரைப் பறித்த மூளை அமீபாவைப் பற்றியும் பெற்றோர் பயத்தோடு கேட்கிறார்கள். அது வெதுவெதுப்பான தண்ணீரில் வளரும், மூக்கு வழியாக ஏறினால்தான் ஆபத்து. ஆனால் போதிய குளோரின் எப்போதும் இருக்கும் தண்ணீரில் அதனால் பிழைத்திருக்க முடியாது. கவலைப்பட வேண்டியது கைவிடப்பட்டுத் தேங்கிக் கிடக்கும் குளத்தைப் பற்றி. அங்கே கொசுவும் பெருகும்.

கிருமியைவிட வேகமான ஆபத்து மூழ்குவது. குளத்தின் ஆழமான பகுதியில் தரையில் இருக்கும் வடிகால் மூடி, கரையில் நிற்கும்போது தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் அடியில் கிடக்கும் குழந்தையும் தெரியாது. அந்தக் குளத்தில் யாருமே இறங்கக் கூடாது. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கூச்சல் போடுவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. நியூயார்க்கில் உயிர்காப்பாளராக வேலை பார்த்த ஃபிராங்க் பியா, மூழ்கும் மனிதர்களைப் படமெடுத்து ஆராய்ந்து காட்டியது வேறு. மூச்சுக்குத் திணறுகிற வாயால் கத்த முடியாது. கைகள் தாமாகவே பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். 20 முதல் 60 விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பக்கத்தில் நிற்பவருக்குப் பிள்ளை விளையாடுவது போலவே தோன்றும். எனவே நாலு பக்கமும் வேலி, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். கூடத்தின் கதவைத் திறந்தால் நேரே குளம் என்று இருக்கிற தரைத்தள வீட்டைக் கைக்குழந்தை உள்ளவர்கள் எடுக்க வேண்டாம் என்றே சொல்வேன், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

அதே வடிகால் மூடியை இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். பம்ப் அந்த வழியாகத் தண்ணீரை உறிஞ்சுகிறது. 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரே ஒரு துளையை உடம்பு முழுவதுமாக அடைத்துக்கொண்டு, உள்ளே அழுத்தம் பாதி வளிமண்டலத்துக்கு இறங்கினால், உடம்பைப் பிடித்து இழுக்கும் விசை சுமார் 160 கிலோ எடைக்குச் சமம். பெரியவராலும் பிய்த்துக்கொண்டு வர முடியாது. இப்படிப்பட்ட மரணங்களுக்குப் பிறகு 2007-ல் அமெரிக்காவில் சட்டமே போட்டார்கள். வடிகால் இரண்டாக, ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் ஒன்று அடைபட்டாலும் மற்றது வழியாகத் தண்ணீர் போகும். மூடி உடையாமல், குவிந்த வடிவில் இருந்தால் உடம்பால் அதை முழுக்க அடைக்க முடியாது. தண்ணீருக்கடியில் எரியும் விளக்குகள் 12 வோல்ட் வகைதானா, 30 மில்லியாம்பியர் கசிவுக்கே விழும் பிரேக்கர் இருக்கிறதா என்பதையும் கையோடு கேட்டுவிடலாம்.

எந்த வீடு என்பதிலும் கணக்கு இருக்கிறது. தரைத்தள வீடு என்றால், கீழே அடித்தளப் பம்ப் அறையில் ஹைப்போவும் பிஹெச்சை இறக்க ஊற்றும் ஆசிடும் அருகருகே இருந்தால் கவனம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது அது, மேலே போகாமல் அடித்தளத்திலேயே தேங்கும். டிசிசிஏவையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலப்பதும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆபத்தானது. மொட்டைமாடிக் குளத்துக்கு நேர் கீழ்வீடு என்றால் கூரையை நன்றாக அண்ணாந்து பாருங்கள். 1.2 மீட்டர் ஆழத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 1,200 கிலோ அழுத்தும். வீட்டுத் தளங்கள் ஆட்களையும் சாமான்களையும் தாங்குவதற்கு நம் நாட்டுத் தர விதி வைத்திருக்கும் அளவு சதுர மீட்டருக்கு 200 கிலோ. குளத்துக்கென்றே வடிவமைத்த தளம் என்றால் எடையைப் பற்றிக் கவலையில்லை. கசிவுதான் பிரச்சினை. குளோரைடு கலந்த தண்ணீர் கான்கிரீட்டுக்குள் ஊறினால் கம்பி துருப்பிடித்து உப்பும், பூச்சு பெயரும். 2021 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற ஊரில் 12 மாடி அடுக்ககம் சரிந்து 98 பேர் இறந்தார்கள். கோபுரம் விழுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே குளத்தைச் சுற்றியிருந்த தளம் இறங்கிவிட்டது. அந்தத் தளத்தில் நீர்க்காப்பு கெட்டுப்போய்க் கான்கிரீட் சேதமாகியிருப்பதைப் பொறியாளர் அறிக்கை ஒன்று 2018-லேயே சொல்லியிருந்தது.

குளம் கசிகிறதா என்று கண்டுபிடிக்க வீட்டு வாளி ஒன்று போதும். குளத்து நீரையே வாளியில் நிரப்பி, குளத்தின் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் யாரும் இறங்காமல், புதுத் தண்ணீரும் விடாமல் இருந்தால், வெயிலில் ஆவியாவது இரண்டிலும் ஒரே அளவாக இருக்கும். வாளியைவிடக் குளம் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு. நம் கணக்குக் குளத்தின் பரப்பு 90 சதுர மீட்டர். கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் ஆவியானால் 540 லிட்டர் போகும். கசிவு 1 சென்டிமீட்டர் என்றால் அதற்கு மேல் 900 லிட்டர். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு குடத்தோடு வரிசையில் நின்றதை நினைத்தால் இந்த எண்கள் சாதாரணமாகத் தெரியாது. 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தபோது பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களில் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. கோடையில் உங்கள் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, லாரிச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை வாடகை ஒப்பந்தம் பேசும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அடுக்ககச் சங்கத்தில் பொதுவாக உறுப்பினர் வீட்டு உரிமையாளர்தான், வாடகைக்காரர் இல்லை. அதனால் குளத்தின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர் மூலமாகவே கேளுங்கள். கடந்த ஒரு மாதப் பக்கங்கள் போதும். நேரம், தனிக் குளோரின், பிஹெச், பம்ப் ஓடிய மணி, ஃபில்டரை பேக்வாஷ் செய்த நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். உண்மையான குளத்தின் எண்கள் ஏறி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கூட்டம் இறங்கியதும் குளோரின் விழும், மழை பெய்தால் பிஹெச் மாறும். முப்பது நாளும் 7.4, 2.0 என்று ஒரே மையில் ஒரே கையெழுத்தில் இருந்தால், அது அளந்து எழுதியதல்ல, உட்கார்ந்து நிரப்பியது. அப்படி இருந்தால் கோபப்பட வேண்டாம். கிட்டை எடுத்துவரச் சொல்லி, உங்கள் முன்னாலேயே ஒரு முறை சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.